அரை நொடி தாண்டினால் குப்பை

நான் எழுதிய நாற்பது வரி நிரலால் வத்தல்மலைப் பெண் ஒருத்தியின் நர்சிங் சீட்டு பறிபோனது. இதை இப்படி நேராகச் சொல்ல எனக்கு இரண்டு வருடம் ஆகியிருக்கிறது. எங்கள் கடைப் பக்கம் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். அன்றைக்குக் கடைசி நாள், நெட் ஸ்லோ, சரியான கூட்டம், பாவம் அவருக்குக் கண்ணு வேறு தெரியாது என்பார்கள். முதல் மூன்றும் உண்மை. நான்காவதும் உண்மைதான், ஆனால் அதற்கும் நடந்ததற்கும் சம்பந்தமில்லை.

எனக்கு ஒன்பது வயதில் பார்வை போனது. காரணத்தைச் சொன்னால் உச்சுக்கொட்டுவீர்கள், அதனால் விட்டுவிடுகிறேன். ஹாஸ்டலில் தங்கிப் படித்தேன், கம்ப்யூட்டர் பட்டம் வாங்கினேன், ஸ்கிரீன் ரீடரை வைத்து நிரல் எழுதவும் கற்றேன். திரையில் இருப்பதைக் குரலாகப் படித்துக் காட்டுகிற மென்பொருள்தான் ஸ்கிரீன் ரீடர். பெங்களூரில் இரண்டு கம்பெனிக்காரர்கள் என் வேலையைப் பார்த்து வியந்தார்கள், பாராட்டினார்கள், கையைப் பிடித்து லிஃப்ட் வரைக்கும் கொண்டுவந்து விட்டார்கள். இரண்டு இடத்திலிருந்தும் கடிதம் வரவில்லை. அப்புறம் தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற ஒரு ஆன்லைன் சென்டரில் சேர்ந்தேன். தினமும் இண்டூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து போகிறேன். சாதிச் சான்று, பட்டா, பரீட்சை விண்ணப்பம் என்று சனங்களுக்கு வேண்டியதை இணையத்தில் நிரப்பிக் கொடுப்பது எங்கள் வேலை.

கடையில் இரண்டு மேசை. ஒன்று எனக்கு, இன்னொன்று அக்காவுக்கு. கூடப் பிறந்த அக்கா இல்லை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கடத்தூரிலிருந்து வருகிறவர், பிரின்ட் எடுப்பதும் ஸ்கேன் செய்வதும் அவர் பொறுப்பு. என் மானிட்டர் எனக்குத் தேவையில்லை என்பதால் அதை வருகிறவர்கள் பக்கம் திருப்பி வைத்திருந்தோம். மவுஸும் எனக்குத் தேவையில்லை. அது அக்கா கைக்கு எட்டுகிற இடத்தில் கிடந்தது, வந்தவர்களுக்குத் திரையில் எதையாவது காட்ட வேண்டுமென்றால் அவர் எடுத்துக்கொள்வார்.

ஃபோகஸ் என்கிற சங்கதியை இங்கே சொல்லியாக வேண்டும். நீங்கள் தட்டுகிற எழுத்து எந்தக் கட்டத்தில் போய் விழும் என்பதுதான் ஃபோகஸ். கண் உள்ளவர்களுக்கு அந்தக் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு மினுக்கிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான், அதைப் பற்றி அவர்கள் வாழ்நாளில் யோசித்திருக்க மாட்டார்கள். எனக்கு அந்தக் கோடு இல்லை. ஃபோகஸ் ஒரு கட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது கம்ப்யூட்டர் உள்ளுக்குள் ஒரு தகவல் அனுப்பும். ஸ்கிரீன் ரீடர் அதைக் கேட்டு, "பெயர், எழுதும் கட்டம்" என்று காதில் சொல்லும். அதை வைத்துத்தான் நான் எங்கே நிற்கிறேன் என்று எனக்குத் தெரியும்.

நாங்கள் நிரப்புகிற பக்கங்களை எழுதிய புண்ணியவான்கள் யாரும் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறையாவது அவற்றை உபயோகித்துப் பார்த்ததில்லை. மேலே ஒரு அறிவிப்பு ஓடும், அது மாறும்போதெல்லாம் ஃபோகஸைப் பிடுங்கிக்கொள்ளும். ஊர் பெயரைத் தேர்ந்தெடுத்தால் பக்கம் முழுக்க ஒருமுறை அதிர்ந்து, ஃபோகஸ் தலைக்கு ஓடி, திரும்பி வரும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு தகவல், ஒவ்வொரு தகவலுக்கும் காதில் ஒரு குரல். இதற்கு நடுவே அக்கா மவுஸைத் தொட்டால் அதற்கும் ஒரு குரல். கால் மணி நேர வேலைக்கு முக்கால் மணி நேரம் ஆனது. முதலாளி அன்பாகத்தான் கேட்டார். "ஏம்பா, பக்கத்து சென்டர்ல பத்து நிமிசத்துல முடிச்சுத் தராங்களாமே?"

அந்த வாரமே உட்கார்ந்து ஸ்கிரீன் ரீடருக்கு ஒரு துணை நிரல் எழுதினேன். யோசனை எளிமையானது. நான் டேப் விசையையோ அம்புக்குறியையோ என்டரையோ தட்டினால்தான் ஃபோகஸ் என் இஷ்டப்படி நகரும். ஆகவே ஃபோகஸ் மாறியதாகத் தகவல் வரும்போது, அதற்கு முன் அரை நொடிக்குள் நான் ஏதாவது விசை தட்டியிருக்கிறேனா என்று பார். தட்டியிருந்தால் குரல் கொடு. இல்லையென்றால் அது குப்பை, விழுங்கிவிடு. அவ்வளவுதான்.

எழுதி முடித்ததும் காது குளிர்ந்து போனது. அத்தனை கூச்சலும் நின்றுவிட்டது. என் விரல் போன இடத்தை மட்டும் ரீடர் சொன்னது. முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தார். என்னைப் போல் நிரல் எழுதுகிற பார்வையற்றவர்கள் சிலர் ஒரு குழுவாகத் தகவல் பரிமாறிக்கொள்வோம், அங்கேயும் அதைப் போட்டேன். ஏகப்பட்ட பாராட்டு. ஒருவர் மட்டும் கேட்டார், பக்கத்தில் இருக்கிற யாராவது மவுஸில் கிளிக் செய்து ஃபோகஸை நகர்த்தினால் உனக்கு எப்படித் தெரியும் என்று. பக்கமே தாமதமாக ஒரு எச்சரிக்கைப் பெட்டியைக் காட்டினால் என்ன செய்வாய் என்றும் கேட்டார். என் கம்ப்யூட்டரில் எவன் மவுஸைத் தொடப்போகிறான் என்று பதில் போட்டேன். அக்கா ஒரு கை தூரத்தில் மவுஸோடு உட்கார்ந்திருந்தார். ஆனால் மவுஸ் கிளிக்குக்கு ரீடர் கொடுக்கிற குரலைக் கேட்கவே எனக்குப் பிடிக்காது. யாரோ என் கையைப் பிடித்து ரோட்டைக் கடத்திவிடுகிற மாதிரி ஒரு எரிச்சல் வரும். அந்த எரிச்சலைத்தான் நிரலாக எழுதியிருந்தேன். இது அப்போது எனக்குத் தெரியாது என்று சொன்னால் பொய்.

ஒரு வருடம் ராஜா மாதிரி இருந்தேன். கடையில் வேகமான கை என்னுடையதுதான். தப்பே வராது என்று பேர் வேறு வாங்கியிருந்தேன்.

அந்த வத்தல்மலைப் பெண் அப்பாவோடு வந்தது நர்சிங் கவுன்சலிங்குக்குக் கல்லூரிகளை வரிசைப்படுத்தி, இனி மாற்ற முடியாதபடி பூட்டுவதற்குக் கடைசி நாள் மதியம். அப்பா மலையில் சாமையும் கொஞ்சம் காபியும் போடுகிறவர். அங்கே இரண்டு நாளாக நெட் இல்லையாம், அதனால்தான் தாமதம். அந்தப் பெண் நல்ல மதிப்பெண் எடுத்திருந்தாள், தெளிவாகவும் பேசினாள்.

"அண்ணா, மொதல்ல தர்மபுரி போடுங்க. சித்தி வூடு இங்கதான் இருக்குது, அங்க தங்கிக்குவேன். தர்மபுரின்னா மட்டுந்தான் படிக்க வெக்கறேன்னு வூட்ல சொல்லிட்டாங்க."

"ரெண்டாவது, மூணாவது?"

"சேலம், கிருஷ்ணகிரி. சும்மா போட்டு வைங்கண்ணா. கெடைச்சாலும் அனுப்ப மாட்டாங்க."

பக்கத்தில் கல்லூரிகளின் நீண்ட பட்டியல் இருந்தது. ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ஒரு சின்னக் கட்டம், அதில் ஒன்று, இரண்டு என்று வரிசை எண்ணைப் போட வேண்டும். தர்மபுரி வரிக்கு வந்து நின்றேன். ரீடர் கட்டத்தின் பெயரைச் சொன்னது. அந்த நேரம் பார்த்து அவள் அப்பா கேட்டார், "சாரு, இதுல மொத்தம் எத்தன காலேஜுங்க இருக்குது?" நான் ஒரு காதிலிருந்து இயர்போனை எடுத்துவிட்டு, நிறைய இருக்குதுங்க, தெற்கே கடைசி வரைக்கும் இருக்குது என்றேன். பேசிவிட்டு இயர்போனை மாட்டினேன், ஒன்று என்ற எண்ணைத் தட்டினேன். "ஒன்று" என்றது ரீடர். அப்புறம் சேலத்தைத் தேடிப்போய் இரண்டு போட்டேன், கிருஷ்ணகிரியைத் தேடி மூன்று போட்டேன். பூட்டு என்கிற பொத்தானில் என்டரைத் தட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசி நாள், எல்லாரும் மொய்த்துக்கொண்டிருப்பார்கள், பக்கம் நகரவில்லை என்று நினைத்து இன்னொருமுறை தட்டினேன். கொஞ்ச நேரத்தில் "வெற்றிகரமாகப் பூட்டப்பட்டது" என்றது. அதற்குள் அக்கா மூலைக்குப் போய்ப் பிரின்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார், அவரைச் சுற்றி ஒரு கூட்டம் நின்றது. மலைக்குப் போகிற பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் பிரின்ட்டை இன்னொரு நாள் வாங்கிக்கொள்கிறோம் என்று அப்பாவும் பெண்ணும் ஓடினார்கள்.

பத்து நாள் கழித்து ஒதுக்கீடு வந்தது. அவளுக்குக் கிடைத்தது தென்கோடியில் கடலோரமாக இருக்கிற ஒரு தனியார் கல்லூரி. அவள் கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறார்கள். முதல் விருப்பம் என்று அந்தக் கல்லூரிக்கு எதிரில்தான் ஒன்று இருந்தது. தர்மபுரி வரி காலியாக இருந்தது. அவளைவிடக் குறைந்த மதிப்பெண் எடுத்த பெண்ணுக்குத் தர்மபுரியில் இடம் கிடைத்திருந்தது. உதவி எண்ணுக்கு நானே நாலு தடவை பேசினேன். பூட்டியது பூட்டியதுதான், முதல் விருப்பமே கிடைத்தவர்களுக்கு அடுத்த சுற்று கிடையாது என்றார்கள்.

அப்பா கடைக்கு வந்தார். அவர் சத்தம் போடுவார், சட்டையைப் பிடிப்பார் என்று எதிர்பார்த்து எழுந்து நின்றேன். அவர் என் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

"உங்க மேல என்னங்க சாரு தப்பு. கண்ணு தெரிஞ்சவனே ஆயிரம் தப்பு பண்றான். நீங்க இவ்ளோ செய்யறதே பெருசு. எம் பொண்ணுக்குக் குடுத்து வெக்கல."

முதலாளி அவருக்கு டீ வாங்கிக்கொடுத்தார். அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். பாவம் பார்த்து நாய்மேல் கல்லெறியாமல் விடுகிறவர்கள்போல் விட்டுவிட்டார்கள்.

மறுநாள் காலையில் கடை திறந்ததும் யாரும் வருவதற்கு முன்னால் உட்கார்ந்தேன். என் துணை நிரல் என் விசைகளையும், தான் சொன்ன, விழுங்கிய ஒவ்வொரு தகவலையும் ஒரு கோப்பில் குறித்து வைக்கும்படி எழுதியிருந்தேன். சோதனைக்காக வைத்தது, ஒரு வருடமாகத் திறந்ததில்லை. அந்த மதியத்தைத் தேடிப்பிடித்துக் கேட்டேன். தர்மபுரி வரியில் ஃபோகஸ் வந்தது, சொல்லப்பட்டது. ஒரு நிமிடம் கழித்து, மவுஸ் கிளிக்கால் ஃபோகஸ் அந்தக் கடலோரக் கல்லூரியின் கட்டத்துக்குப் போனது, விசை எதுவும் இல்லை, விழுங்கப்பட்டது. அதற்கப்புறம்தான் நான் ஒன்றைத் தட்டியிருக்கிறேன். கடைசியில் இன்னொன்றும் இருந்தது. பூட்டு பொத்தானைத் தட்டிய பிறகு, "உங்கள் விருப்ப வரிசையைச் சரிபாருங்கள்" என்று ஒரு பெட்டி வந்து ஃபோகஸை எடுத்திருக்கிறது. அதில் மூன்று கல்லூரியின் பெயரும் வரிசையாக இருந்தன. பக்கம் மெதுவாக இருந்ததால் அது வர நாலு நொடி ஆகியிருக்கிறது. அரை நொடி தாண்டிவிட்டதால் அதையும் என் நிரல் குப்பை என்று விழுங்கிவிட்டது. ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்து நான் இரண்டாவது முறை தட்டிய என்டர், அந்தப் பெட்டிக்குச் சரி என்று பதில் சொல்லியிருக்கிறது.

அக்கா வந்ததும் கேட்டேன். மறைக்கவில்லை. அந்த மனிதர் எத்தனை காலேஜ் என்று கேட்டாரே, அவருக்குக் காட்டலாம் என்று பட்டியலைக் கடைசி வரை தள்ளி, அங்கே ஒரு கட்டத்தில் கிளிக் செய்தேன் என்றார்.

"ஏங்க்கா, ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"எப்பவும் சொல்றதில்லைங்களே தம்பி."

"எப்பவும்னா?"

அவர் மெல்லச் சொன்னார். "தெனமும் ரெண்டு மூணு எடத்துல எழுத்து மாறி விழுந்துருமுங்க. பேரு போடற எடத்துல ஊரு இருக்கும். நீங்க டீக்குப் போறப்ப நானே சரி பண்ணி வெச்சுருவேன். அன்னிக்குப் பிரின்டர் மக்கர் பண்ணிச்சு, பாக்க முடியல."

"எத்தன நாளா இது?"

"நீங்க அந்தப் பேசற சத்தத்த கொறச்சீங்க பாருங்க, அதுல இருந்துதான். சொன்னா உங்க மனசு நோகும்னுதாங்க தம்பி சொல்லல."

எங்கள் பக்கத்து மரியாதை இது. ஒருவர் சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருந்தால் முகத்துக்கு நேராகச் சொல்ல மாட்டார்கள். பெரிய மனிதர் என்றால் பார்க்காத மாதிரி இருப்பார்கள், வேண்டியவர் என்றால் தோளைத் தொடுகிற சாக்கில் சரிசெய்துவிடுவார்கள். குறையைச் சொல்வது குத்திக்காட்டுவது என்று எங்களுக்குப் பாலோடு சேர்த்து ஊட்டியிருக்கிறார்கள். எனக்கோ எல்லாரையும்விட ஒரு பங்கு கூடுதலாகவே அந்த மரியாதை கிடைக்கும். ஒரு வருடம் என் பின்னால் ஒரு மனுஷி துடைத்துக்கொண்டே வந்திருக்கிறார். அது என் காதில் விழாதபடி நானே அடைத்து வைத்திருந்தேன். தப்பே வராத கை என்று பேர் வேறு.

அவரைப் பார்த்துக் கத்தினேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டார். அவரைத் திட்ட எனக்கு ஒரு யோக்கியதையும் கிடையாது என்று கத்தும்போதே தெரிந்தது. மதியம் அந்த அரை நொடி விதியை நீக்கினேன். குழுவிலும் திருத்திய நிரலைப் போட்டு, "ஃபோகஸ் பிழை சரிசெய்யப்பட்டது" என்று ஒரு வரி எழுதினேன். நாலு பேர் கட்டைவிரலைக் காட்டினார்கள். முன்பு கேள்வி கேட்டவர் ஒன்றும் சொல்லவில்லை. எதனால் திருத்தினேன் என்று நானும் சொல்லவில்லை.

முதலாளியிடம் மட்டும் சொல்லிப் பார்த்தேன். கண்ணால் வந்த தப்பு இல்லை, நான் எழுதியது தப்பு, யோசித்து, ஒருத்தர் எச்சரித்த பிறகும் எழுதினது என்றேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்து, "மனசப் போட்டுக் கொழப்பிக்காதப்பா" என்றார். ஒரு நிரல்காரனாகத் தப்புச் செய்யக்கூட எனக்கு இங்கே அனுமதி இல்லை என்று கசந்துகொண்டேன். அந்தப் பெண்ணைப் பார்த்தால் அவளிடமாவது உண்மையைச் சொல்லி, வாங்க வேண்டியதை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று தீர்மானித்தேன்.

அவள் ஆடி மாதம் முடிகிற சமயத்தில் வந்தாள், தனியாக. ஓசூரில் ஏதோ கம்பெனியில் பெண்களை ஹாஸ்டலோடு எடுக்கிறார்களாம், அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். கடலோரக் கல்லூரிக்கு அனுப்ப வீட்டில் மறுத்துவிட்டார்கள். கம்பெனி என்றால் மலையிலிருந்து ஏற்கெனவே நாலு பெண்கள் போகிறார்கள், அதனால் சரியாம். வரிசையில் நின்று என் மேசைக்கு வந்தாள். குரலைக் கேட்டதும் அடையாளம் தெரிந்தது.

உட்காரச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். குப்பை என்று எதை விழுங்க வைத்தேன், ஏன் வைத்தேன், அந்தப் பெட்டி வந்ததும் எனக்குக் கேட்காமல் போனதும் எப்படி என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அக்கா கிளிக் செய்ததை மட்டும் சொல்லவில்லை. கண் தெரியாததற்கும் இதற்கும் சம்பந்தமில்லம்மா, என் வேலையில் நான் பண்ணின தப்பு என்றேன்.

பின்னால் வரிசை நீளமாக இருந்தது, யாரோ இருமினார்கள்.

"இப்பிடி ஆகும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமாண்ணா?"

"ஆகலாம்னு ஒருத்தர் சொன்னாரு."

"சொல்லியும் அப்பிடியே வெச்சிருந்தீங்க."

"ஆமா."

"எங்கப்பா வூட்ல எல்லாத்துகிட்டயும் சொல்லி வெச்சிருக்காரு, உங்க மேல கோவப்படக்கூடாதுன்னு. கண்ணு தெரியாதவரு, பாவம்னு. நானும் வாய மூடிக்கினு இருந்தேன். அழுதாக்கூட எங்கம்மா, அந்த மனுசன நெனச்சுப் பாருடின்னு சொல்லுது." அவள் குரல் உயர்ந்துகொண்டே போனது. "நீங்க சத்தம் பிடிக்கலைன்னு அத நிறுத்தி வெச்சீங்க. எனக்குப் படிப்பு போச்சு. என் சீட்டுங்க அது! நான் ரெண்டு வருசம் மலையில இருந்து எறங்கி ஏறிப் படிச்சு வாங்கின மார்க்குங்க!"

நான் கேட்க வேண்டும் என்று காத்திருந்தது இதைத்தான். ஒவ்வொரு வார்த்தையும் சரியான இடத்தில் வந்து விழுந்தது.

வரிசையிலிருந்து ஒரு ஆள் அதட்டினார். "ஏம்மா பொண்ணு, கண்ணு தெரியாத மனுசன்கிட்டயா வந்து இந்தக் கத்து கத்தற?"

ஒரு பெண்குரலும் சேர்ந்துகொண்டது. "அவரே பாவம், என்னமோ பொழைக்கறாரு. படிச்ச புள்ள பேசற பேச்சா இது?"

இல்லைங்க, அந்தப் பொண்ணு சொல்றதுதான் நியாயம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வார்த்தை வாயில் தயாராகவே இருந்தது. சொன்னால் அத்தனை பேர் முன்னாலும் அவள் இன்னும் பேசுவாள், நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டேன். குனிந்தால் பார்க்கிறவர்களுக்கு அது எப்படித் தோன்றும் என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

வரிசை முணுமுணுத்தது. நாற்காலி பின்னால் நகர்கிற சத்தம் கேட்டது.

"சாரிங்கண்ணா" என்றாள் அவள், சின்னக் குரலில்.

"பரவாயில்லம்மா" என்றேன்.